மலைநாட்டு அடுக்களையில் தூள் கட்டியானால், வாசனை போனால், பூச்சி வந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், நானுஓயாப் பக்கம். வைகாசி பிறந்து மழை பிடித்ததும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மிளகாய்த்தூள், கறித்தூள் போத்தல்கள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன், கவிழ்த்தாலும் தூள் விழ மாட்டேங்குது." வருடா வருடம் அதே கோளாறுதான். வந்த போத்தல்களில் பாதிக்கு மேல் கெட்டதற்குக் காரணம், அந்த வீட்டுக்கு வேண்டியதைவிடக் கூட வாங்கியதுதான். அதனால் அளவைப் பற்றி ஒரு பகுதி (அறிகுறி 7) தனியாகவே வைத்திருக்கிறேன். மற்றப் பகுதிகளிலிருந்தும் உங்களை அங்கே அனுப்புவேன்.

நுவரெலியா, ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழைதான் சோதனைக் காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு மார்கழி, தை, மாசி. மாதம்தான் வேறு, பக்குவம் ஒன்றுதான்.

உங்கள் அறிகுறியைத் தேடி எடுத்து, மேலிருந்து கீழே போங்கள். முதலில் சொல்வது காசில்லாத வேலை, கடைசியில் சொல்வது செலவு வைப்பது. எந்த இடத்தில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திவிடலாம்.

அறிகுறி 1: தூள் கட்டியாகிவிட்டது

முதலில் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்குங்கள். உதிர்ந்து, மணமும் வழக்கம்போல இருந்தால் வெறும் ஈரம்தான், தொடர்ந்து படியுங்கள். உடைத்த கட்டிக்குள் வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சுபோல் தெரிந்தால், அல்லது மழையில் நனைந்த சாக்கு வாடை அடித்தால், நேராக அறிகுறி 4க்குப் போங்கள். சிலந்தி வலைபோல நூல் இழுத்தால் அறிகுறி 3.

*கட்டி போத்தல் வாயிலும் மூடியின் அடியிலும் மட்டும் இருக்கிறதா?* அப்படியானால் ஆவிதான் காரணம். கொதிக்கிற சட்டிக்கு மேலே போத்தலைப் பிடித்துத் தட்டுகிறோம் அல்லது கறியைக் கிண்டிய கரண்டியையே உள்ளே விடுகிறோம். கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு போடுங்கள், கரண்டி காய்ந்ததாக இருக்கட்டும். இப்படி வாயில் மட்டும் கட்டியாகி வருகிற போத்தல்களில் பெரும்பாலானவை இதோடு சரியாகிவிடும்.

*முழுப் போத்தலும் ஒரே மாதிரி இறுகியிருக்கிறதா?* வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அம்மா காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில்தான் எல்லாம் இருந்தது, கெடவும் இல்லை. விறகடுப்பு நாள் முழுக்கப் புகைந்துகொண்டே இருக்கும், பரணும் சூடாக, காய்ந்தபடியே இருக்கும். கேஸ் அடுப்பு அப்படி இல்லை. அரை மணி நேரம் எரிந்து ஆவியை மேலே அனுப்பிவிட்டு அணைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தத் தட்டு குளிர்ந்து, ஏறிய ஆவி போத்தலிலேயே வியர்க்கிறது. அடுப்பை மாற்றிவிட்டுத் தட்டை மாற்றாத வீடுகள் நிறைய. விடியற்காலையில் தட்டுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமாகப் பட்டால் அந்த இடம் சரிவராது. வெளிச்சுவரில் ஒட்டாமல், உள்சுவர்ப் பக்கம், தரையில் வைக்காமல், மூடிய அலுமாரிக்கு மாற்றுங்கள்.

*இடம் சரி, ஆனாலும் இறுகுகிறதா?* மூடியைச் சோதியுங்கள். போத்தலைக் காலி செய்து, பாதித் தண்ணீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் தலைகீழாக வையுங்கள். ஒரு சொட்டு வெளியே வந்தாலும் மலைக்காற்றில் இருக்கும் ஈரம் அந்த வழியாக உள்ளே போகும். பழைய ஹோலிக்ஸ் போத்தல், ஜாம் போத்தல் எல்லாம் நல்ல போத்தல்கள்தான். மூடிக்குள் இருக்கும் வட்டம் தேய்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான். தடித்த பொலித்தீனை இரண்டாக மடித்து வாயில் வைத்து மூடினால் இன்னும் பல வருடம் ஓடும். சோதனைக்குப் பிறகு போத்தலை நன்றாகக் காயவைக்க மறக்காதீர்கள்.

*வீட்டில் வறுத்து அரைத்த தூளா?* இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், இரண்டு திசையிலும். மில்லில் அரைத்து வந்த தூளைத் தொட்டால் உள்ளங்கை சுடும். அதை அப்படியே அடைத்தால் மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்து, அந்தத் தண்ணீர் தூளிலேயே சொட்டும். அதற்குப் பயந்து ராத்திரி முழுக்கத் தாம்பாளத்தில் பரப்பி வைத்தால், சாயங்காலம் இறங்கும் மூடுபனியை அந்தத் தூள் குடித்துவிடும். காலையில் தொட்டால் மணல்போல் உதிராது, புட்டு மாவுபோல் பிடித்தால் பிடியாக நிற்கும். நான் செய்வது இப்படி: பனி விலகிப் பத்து மணி ஆனதும் வறுப்பேன், மதியத்துக்குள் மில்லுக்குப் போய் வந்துவிடுவேன். தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி, மெல்லிய துணி ஒன்றைப் போட்டு மூடி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மூன்று மணிக்கு முன் அடைத்துவிடுவேன். மழை விடாமல் பெய்கிற நாளில் வறுக்கவே மாட்டேன்.

*ஈரம் மட்டும் ஏறிய தூளைக் காப்பாற்ற:* தடித்த இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தூளைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். அடுப்பு எரியும்போது போட்டால் மிளகாய்த்தூள் கருகி வீடே இருமும். ஆறியதும் சலித்து அடையுங்கள். வறுத்த பச்சரிசி ஒரு பிடியைத் துணி முடிச்சாகக் கட்டி உள்ளே போடலாம், மாதம் ஒரு முறை வறுத்துப் புதுப்பிக்க வேண்டும். உப்புச் சேர்த்து அரைக்கும் பழக்கம் காய்ந்த ஊருக்குச் சரி. இங்கே காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும் நாட்களே அதிகம். அந்த ஈரத்தில் உப்பே தண்ணீரை இழுத்துக் கசியும், தூளையும் கூடவே இறுக்கிவிடும்.

*எப்போது ஆள் கூப்பிடுவது?* இத்தனையும் செய்தும் ஒரே மூலையில் வைத்தது எல்லாம் ஈரமானால், கோளாறு சுவரிலோ கூரைத் தகரத்திலோதான் இருக்கிறது. மழை நாளில் டோர்ச் அடித்து, தகர ஆணி ஓட்டைகளையும் சுவர் அடியில் பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சொந்த வீடென்றால் மேசன் பாஸைக் கூப்பிடுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடென்றால் தோட்டத்து ஆபீசில் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: நிறம் இருக்கிறது, வாசனை இல்லை

ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் பத்துத் தடவை தேய்த்து முகருங்கள். சூட்டில் மணம் எழுந்தால் சரக்கு உயிரோடுதான் இருக்கிறது, கொஞ்சம் கூடப் போட்டு விரைவாக முடித்துவிடலாம். எழாவிட்டால் காரணத்தைத் தேடுவோம்.

போத்தலில் திகதி இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் முதல் காரணம். அரைத்த தூளை எங்கள் குளிரில் நான் இரண்டு மாதத்துக்கு மேல் நம்புவதில்லை. அதே மல்லி, சீரகம், மிளகு முழுசாக இருந்தால் வருடம் தாண்டியும் மணக்கும். ஆக, பாதி மருந்து இங்கேயே இருக்கிறது: முழுசாக வாங்கி, வேண்டியதை மட்டும் அரைப்பது.

அடுத்தது வெளிச்சம். ஜன்னலோரம் கண்ணாடிப் போத்தலில் அழகாக அடுக்கினால் மஞ்சள் வெளுக்கும், மிளகாய்த்தூள் செம்மண் நிறத்துக்குப் போகும். பால்மா டின் போதும், அல்லது போத்தலைச் செய்தித்தாளால் சுற்றிவிடுங்கள்.

மூன்றாவது, வாங்கும்போதே செத்த சரக்கு. இதைக் கடையிலேயே பார்க்கலாம். கராம்பின் தண்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் பளபளக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல கராம்பு அமிழும் அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும், எண்ணெய் எடுத்த கராம்பு படுத்து மிதக்கும். ஏலக்காயைப் பிளந்தால் விதை கறுப்பாக, ஒட்டும் பதமாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் உலர்ந்து கிடந்தால் வேண்டாம். கறுவா நம் நாட்டுச் சரக்கென்றால் மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டுப்போலச் சுருண்டிருக்கும், கையால் நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக, உடைக்கக் கஷ்டமாக இருந்தால் அது வேறு மரம்.

இந்தக் கோளாறுக்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. கடையை மாற்றுங்கள். மாத்தளைப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் மிளகும் கராம்பும் அங்கிருந்து வரட்டும். எனக்கு மாமியார் வீட்டுப் பக்கமிருந்து வருகிற மிளகு ஒன்றைக் கடித்தாலே நாக்கு பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருக்கும்.

அறிகுறி 3: பூச்சி, புழு, நூல்

செம்பழுப்பாக, எள்ளைவிடச் சின்னதாக, முதுகு கூனின மாதிரி ஒரு வண்டு மிளகாய்த்தூளிலும் மல்லியிலும் வரும். காரம் அதை ஒன்றும் செய்யாது. செத்தல் மிளகாயைப் போட்டு அரிசிக்கு வண்டு வராமல் காப்பவர்கள், இந்த வண்டு அந்த மிளகாயையே தின்பதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். நம் குளிரில் இது மெதுவாகத்தான் பெருகும். ஆகவே திடீரென நிறையத் தெரிந்தால், கீழ்நாட்டுக் குடோனிலிருந்து வந்த பாக்கெட்டோடு வந்திருக்கும் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

வண்டு, புழு, நூல் எது தெரிந்தாலும் வழி இதுதான். முதல் வேலை, எது தாய்ப்போத்தல் என்று கண்டுபிடிப்பது. எல்லாவற்றையும் மேசையில் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் மெல்லிசாகப் பரப்பி, வெயிலிலோ பல்பு வெளிச்சத்திலோ ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். தூளில் கோடு விழுந்தால் அங்கே உயிர் இருக்கிறது. பாக்கெட்டில் குண்டூசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அதுவும் அடையாளம், இவை பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு போகும். சாதிக்காயில் ஓட்டை இருந்தாலும் அப்படித்தான். பூச்சி நிறைந்ததை வீட்டு வாசலில் கொட்டாமல் எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள்.

சந்தேகமான மற்றவற்றை, அதாவது உயிர் தெரியாத ஆனால் பக்கத்தில் இருந்தவற்றை, இறுக்கக் கட்டி பிரிட்ஜின் ஐஸ் பகுதியில் ஒரு கிழமை வைத்தால் முட்டையும் சாகும். அதற்கு மைனஸ் 18 பாகை அளவு குளிர் வேண்டும். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஐஸ்கிரீம் கல்லாக நிற்காவிட்டால் அந்தக் குளிர் அங்கே இல்லை, நம்ப வேண்டாம். வெளியே எடுத்ததும் உடனே திறக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் வியர்வை உள்ளே போய் மறுபடி அறிகுறி 1.

அலுமாரித் தட்டின் மூலை, ஆணி ஓட்டை, விரித்த தாளின் அடி எல்லாவற்றையும் கூட்டி, ஈரத் துணியால் துடைத்து, ஒரு நாள் திறந்து காயவிடுங்கள். தூள் இருக்கும் அலுமாரிக்குள் பூச்சி மருந்து அடிக்கவே கூடாது. இரண்டு மாதத்துக்குள் மறுபடி மறுபடி வந்தால், அல்லது பலகையே பொடிப் பொடியாக உதிர்ந்தால், அது வேறு பூச்சியாக இருக்கலாம். அப்போது பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடுங்கள், ஆனால் சமையல் சாமான் அத்தனையும் வெளியே போன பிறகு.

அறிகுறி 4: பூஞ்சணம்

இங்கே படிப்படியாகப் போக ஒன்றும் இல்லை. கொட்டுங்கள், முழுப் போத்தலையும். மேலே மட்டும் வழித்துவிட்டுக் கீழே இருப்பதைப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். செத்தல் மிளகாய், சாதிக்காய், மஞ்சள், இஞ்சித்தூள் ஆகியவற்றில் பிடிக்கும் சில பூஞ்சணம் அப்லடொக்சின் என்ற நஞ்சை விடும், அது ஈரலைப் பாதிப்பது. நம் அடுப்புச் சூட்டில் அது அழியாது. வறுத்தால் வாடைதான் போகும், நஞ்சு இருக்கும்.

செத்தல் மிளகாயில் இதைக் கண்டுபிடிக்க வெளித்தோலைப் பார்த்துப் பிரயோசனமில்லை. காதருகே குலுக்குங்கள்: விதை கலகலவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் காம்பைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். வெளியே சிவப்பாக மினுங்கும் மிளகாய்க்குள் சாம்பல் பொடி படர்ந்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கிலோவாக வாங்கும்போது மூட்டையின் நடுவிலிருந்து பத்து எடுத்து இப்படிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

2020இல் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்து, விலை கிலோவுக்கு ஆயிரங்களில் போனபோது, கிடைத்ததே பெரிது என்று ஒரு கிலோ மஞ்சள் கிழங்கு வாங்கினேன். சரியாகக் காயாத கிழங்கு. உடைத்தால் டக்கென்று முறிய வேண்டியது, வளைந்து கொடுத்தது. அதைப் பார்த்தும் அவசரத்தில் வாங்கி, ஒரு சொப்பிங் பேக்கில் கட்டி வைத்தேன். ஆடி மாதம் திறந்தபோது முக்கால்வாசிக்கு மேல் வெள்ளை பூத்திருந்தது. அந்த விலைக்கு வாங்கியதைக் குழியில் போட்டபோது கை நடுங்கியது, ஆனாலும் போட்டேன்.

பூஞ்சணம் இருந்த போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவி, வெயிலிலோ அடுப்பருகிலோ முற்றாகக் காயவையுங்கள். மூடிக்குள் இருக்கும் அட்டை வட்டத்தை எறிந்துவிடுங்கள். தெரியாமல் சமைத்துச் சாப்பிட்டு வயிற்று வலி, வாந்தி நின்றபாடில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறிகுறி 5: தேத்தண்ணியில் கறித்தூள் வாடை

தேயிலை பக்கத்தில் என்ன இருந்தாலும் அதன் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே அலுமாரியில் பெருஞ்சீரகமும் தேயிலையும் இருந்தால் இப்படித்தான். தேயிலையை வேறு தட்டுக்கு, டின்னுக்கு மாற்றுங்கள். ஏறிய வாடை இறங்காது.

அறிகுறி 6: கறி கசக்கிறது

வறுத்த தூளென்றால் வெந்தயம் கருகியிருக்கும். வெந்தயத்தைத் தனியாக, கடைசியாக, பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். முன்பு கசக்காத அதே தூள் இப்போது கசந்து, பழைய தேங்காய் எண்ணெய் வாடையும் வந்தால் தூளுக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டுவிட்டது. வறுத்த தூள் வறுக்காததைவிடச் சீக்கிரம் இந்த நிலைக்கு வரும். இனி அதற்கு மருந்தில்லை, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 7: ஒன்று மிஞ்சிக் கெடுகிறது அல்லது மாதம் முடியுமுன் தீர்ந்துவிடுகிறது

சம்பளம் போட்ட கிழமையில் மொத்தமாக வாங்கும் பழக்கம் நமக்கு. டவுனுக்குப் போகப் பஸ் காசும் ஒரு நாள் பேரும் (அன்றைய சம்பளம்) போகிறது, அதனால் ஒரேயடியாக வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்பதைக் கடைக்காரரின் பாக்கெட் தீர்மானிக்கிறது, நம் சட்டி தீர்மானிப்பதில்லை.

முதல் சோதனைக்குத் தேவை ஒரு துண்டு பிளாஸ்டர், ஒரு பேனா. போத்தலை நிரப்பிய திகதியை ஒட்டுங்கள், தீர்ந்த திகதியைக் கீழே எழுதுங்கள். இரண்டு மாதம் செய்தால் உங்கள் வீட்டுக் கணக்கு கையில் வந்துவிடும். அதுவரை கரண்டிக் கணக்கு பார்க்கலாம். தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய 2 முதல் 3 கிராம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். காலைச் சம்பலுக்கும் இரண்டு வேளைக் கறிக்கும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஆக 7 கிராம் அளவு. மாதத்துக்கு 210 என்று வருகிறது, 250 வாங்கினால் விருந்தாளிக்கும் சேர்த்துப் போதும். மஞ்சள் அரைத் தேக்கரண்டிதான், 50 கிராம் மாதம் முழுக்க ஓடும். கராம்பு 10 கிராமில் நூறு அளவு இருக்கும், மாதத்துக்கு இருபதுகூடச் செலவாகாத வீட்டில் 100 கிராம் பாக்கெட் எதற்கு?

கிலோவாக வாங்கினால் மலிவு என்பது எல்லாம் பயன்பட்டால்தான். ஒரு கிலோ வாங்கிக் கால் கிலோவைக் கொட்டினால், பயன்பட்ட ஒவ்வொரு கிராமுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். அவ்வளவு தள்ளுபடி எந்தக் கடையும் தருவதில்லை. மலிவும் வேண்டும் என்றால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு கிலோ வாங்கி, அன்றைக்கே நிறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மல்லியையும் செத்தல் மிளகாயையும் அப்படித்தான் வாங்குகிறோம், மில்லுக்கும் சேர்ந்தே போகிறோம்.

மழைக்காலத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். சித்திரை முடியுமுன் தூள் எதையும் புதிதாக நிரப்பாமல், இருப்பதை முடியுங்கள். மழை மாதங்களில் ஒரு மாதத் தேவைக்கு மேல் அரைக்காதீர்கள். முழுச் சரக்கு மூன்று மாதத்துக்கு இருக்கலாம். எதையும் இரண்டாகப் பிரியுங்கள்: அடுப்பருகே ஒரு கிழமைக்கான சின்னப் போத்தல், அலுமாரியில் பெரியது. பெரியது கிழமைக்கு ஒரு தடவை மட்டும் திறக்கப்படும். பழையது தீருமுன் புதியதை அதன் மேல் கொட்டாதீர்கள். அடியில் கிடக்கும் பழசு ஒருநாளும் தீராது, புதுசையும் கெடுக்கும்.

அறிகுறி 8: புதிதாக வாங்கியதே சரியில்லை

இப்போதுதான் பிரித்த பாக்கெட், வீட்டில் ஒரு தவறும் இல்லை, ஆனாலும் மணமோ நிறமோ உறுத்துகிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, கிண்டாமல் மேலே அரைக் கரண்டி தூவுங்கள். மிளகாய்த்தூளிலிருந்து சிவப்பு உடனே கோடு கோடாக இறங்கினால் சாயம் இருக்கலாம். அடியில் படிந்ததை விரலால் தேய்த்தால் நறநறவென்றிருந்தால் செங்கல் தூளோ மண்ணோ இருக்கலாம். மஞ்சள்தூள் படிந்த பிறகும் தண்ணீர் அடர்மஞ்சளாகவே நின்றால் அதுவும் சந்தேகம். முழு மிளகைப் போட்டால் நல்லது அமிழும், பப்பாசி விதை மிதக்கும். மிதப்பதை நசுக்கி முகர்ந்து பாருங்கள், பதர் மிளகும் மிதப்பது உண்டு. இவை சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும்.

மில்லில் அரைத்தது மட்டும் இப்படியிருந்தால், உங்களுக்கு முன் அங்கே என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். முதல் பிடியைத் தனியாக எடுத்துவிடச் சொல்வது வழக்கம்தான், கோபிக்க மாட்டார்கள்.

கடைச் சரக்கில் சந்தேகம் தீராவிட்டால், மிச்சத்தைக் கொட்டாமல் அதே உறையில் மூடி, பில்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைக்குப் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. நிறை குறைவு, திகதி மாற்றி ஒட்டியது, போட்ட விலையைவிடக் கூட வாங்கியது போன்றவற்றுக்கு நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அழைக்கும்போது பாக்கெட்டின் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் கையில் இருக்கட்டும், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.